தேறியவர் பட்டியலில் காசியம்மாள்

காசியம்மாளுக்கு ஊரில் யாரையும் பிடிக்காது. என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்காது. ஏரியூர் பக்கம் எங்கள் ஊரில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பை நடத்திய தன்னார்வலர் நான்தான். ஐம்பத்திரண்டு வயதில் அ, ஆ படிக்க வந்தவள் முதல் நாளே, "கத்தாத பானு, நான் ஒண்ணும் செவிடி இல்ல" என்றாள்.

அவளைப் படிக்கத் துரத்தியவன் மளிகைக்கடை மாரப்பன். ஓசூரில் வாழ்க்கைப்பட்ட காசியம்மாளின் மகள் நிர்மலா, மாமியார் காதுக்குப் பயந்து அம்மாவோடு பேச மாட்டாள். போனில் எழுதித்தான் அனுப்புவாள். அதைப் படிக்கக் காசியக்கா கடைக்குப் போக வேண்டும். ஒரு நாள் காலையில், பால் வாங்க நின்ற ஆறு பேர் முன்னால் மாரப்பன் உரக்க வாசித்தான்: "அம்மா, கரு கலஞ்சிருச்சு. யாருக்கும் சொல்லாத." அன்று மாலையே அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அந்த மாரப்பன் நாசமாய்ப் போகட்டும். ஆனால் நான் செய்தது அதைவிட மோசம். வகுப்பில் நான் வாசிப்பேன், முப்பத்தெட்டுப் பெண்களும் கூடவே சொல்வார்கள். பகலெல்லாம் நூறு நாள் வேலையில் மண் சுமந்துவிட்டு வருகிறவர்களுக்கு அதுதான் சுலபம். எனக்கும் சுலபம். நாலு மாதத்தில் புத்தகம் முழுக்க எல்லோருக்கும் மனப்பாடம். தேர்வன்று வாசிக்கக் கொடுத்ததும் அதே புத்தகத்தில் இருந்த கிணற்றுப் பாடம். காசியக்கா மளமளவென்று சொன்னாள். வாய் ஐந்தாவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியில் இருந்தது. தேர்வு நடத்த வந்தவர் காதால் கேட்டு மதிப்பெண் போட்டார். விரலை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முப்பத்தெட்டுப் பேரும் தேர்ச்சி. சான்றிதழ் கொடுத்தபோது முதலில் கைதட்டியது நான்தான். வாசிப்பில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு, ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோருக்கும். துளி மூளை இருந்தாலும், இவர்கள் படித்தார்களா ஒப்பித்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி மாதவராஜ் கேட்கவில்லை. "நூறு சதவீதம்! இந்த ஊருக்கு இனிமே வகுப்பே தேவையில்லைம்மா" என்றார். எல்லோரும் ஒன்றுபோல் மனப்பாடம் செய்ததைக் காட்டிய எண்ணை, எல்லோரும் படித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

காசியக்கா சான்றிதழைக் கொண்டுவந்து அவர் மேசையில் போட்டாள்.

"எம்பேர ஃபெயில்னு போடுங்க. எனக்கு இப்பத்தான் எழுத்துக் கூட்ட வருது. கிளாஸ நிறுத்தாதீங்க."

"பாஸானவங்கள எப்படிம்மா ஃபெயில் போடறது? சென்னைக்குப் போற ரிசல்ட்டு."

"எம்புள்ள எழுதறத சென்னையா வந்து படிச்சுச் சொல்லும்?"

அவர் முகம் கறுத்துவிட்டது. என்னை ஓரமாக அழைத்துப் போனார். "இந்தம்மா ஒருத்தரால நூறு போயிடும். ஊர விட்டுப் போனவங்கன்னு போட்டுப் பேரை எடுத்துருங்க. நாளைக்கு மனு கினு போடாம ஒரு கையெழுத்தும் வாங்கிக்கங்க."

ஊரில் இல்லாதவளிடம் கையெழுத்து! காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. தன்னார்வலராக வேலை பார்த்ததற்கு அவர் சான்று தந்தால்தான் அடுத்த வேலைக்கு மனுப் போட முடியும். வகுப்புப் பெயர் நோட்டில் அவள் பேருக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில் அவர் சொன்னபடி எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பினேன்.

"என்ன எழுதியிருக்கற?"

"உங்களுக்குத் திரும்பப் பரீட்சை வெக்கறாங்கக்கா. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினாள். போடவில்லை. குனிந்து நோட்டைப் பார்த்தாள், உதடு அசைந்தது. வழக்கமாக நான் முந்திக்கொண்டு வாசித்துவிடுவேன். இதை எப்படி வாசிப்பது? "ஊ... ரி... ல்..." என்று கூட்டினாள். மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். மாதவராஜ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஊரில் இல்லை."

தலையை நிமிர்த்தி, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நம்பித்தானடி இத எழுதுன? அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பாஸுன்னு கைதட்டுன?"

பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.