பன்னிரண்டு டன் போதும்

புருஷோத்தமன் மேல் கோபப்படுவதைச் சரிதா முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டாள். கோபப்படவும் அந்த ஆளுக்கு ஒரு தகுதி வேண்டும் என்று நினைத்தாள்.

சேதராப்பட்டில் மல்லாட்டைக் கடலை பயிர் போடும் குடும்பத்துப் பெண் அவள். டிப்ளமா முடித்துவிட்டு, கட்டிடங்களுக்கு ஏசி போட்டுக்கொடுக்கும் அவரிடம் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒரு இடத்துக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்பதை அவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்வார். அதற்குப் பெயர் அனுபவமாம்.

ரெட்டியார்பாளையத்தில் அறுபது பேர் உட்காரும் அலுவலகம் ஒன்று வந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் நானூறு வாட் என்று போட்டிருந்தது. புருஷோத்தமன் அதை அப்படியே அறுபதால் பெருக்கினார். பிரிண்டர்களின் தகடுகளையும், ஆட்கள், விளக்கு, வெயிலுக்கென்று ஒரு கணக்கையும் கூட்டிக்கொண்டார். பயத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தார். இருபத்து நாலு டன்.

சரிதா வாட் மீட்டரை எடுத்துப்போய் இரண்டு நாள் மேசை மேசையாகக் குனிந்து அளந்தாள். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு கம்ப்யூட்டர் தொண்ணூறு வாட்டைத் தாண்டவில்லை. பிரிண்டர்கள் பாதி நேரம் தூங்கின. ஆட்களின் உடம்புச் சூடு, விளக்கு, ஜன்னல் வெயில் எல்லாம் சேர்த்தும் பன்னிரண்டு டன்தான் வந்தது.

"தகட்டுல இருக்கறது அதிகபட்சம் சார். அவ்ளோ கரண்ட் அது எடுக்கறதே இல்ல. எடுக்காத கரண்ட் எப்படி சூடாவும்?"

"இன்னாம்மா, கம்ப்யூட்டருக்கு ஜொரம் பாக்கறியா?" என்று சிரித்தார். அவள் கொடுத்த தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

பன்னிரண்டு டன் மெஷின் இரண்டு ஏறின.

ஐப்பசி மழையில் அந்த ஆபீஸ் நாறியது. இரண்டும் சேர்ந்து பத்தே நிமிஷத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்க அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை. பேப்பர் துவண்டு பிரிண்டரில் சிக்கியது. ஃபைல்களில் பூசணம். புருஷோத்தமன் வந்து பார்த்து, குளிரை இன்னும் இரண்டு டிகிரி கூட்டிவிட்டுப் போனார். ஆட்கள் சால்வை போர்த்திக்கொண்டு டைப் அடித்தார்கள்.

கடைசியில் அந்த ஆபீஸ் மேலாளர் ரமீஜா நேரே சரிதாவுக்குப் போன் செய்தார். சரிதா போய் ஒரு மெஷினின் இணைப்பை மட்டும் கழற்றி அதை நிறுத்தினாள். அவ்வளவுதான். மீதி ஒன்று நிற்காமல் ஓடி, மூன்றாம் நாள் அறை காய்ந்தது.

விஷயம் தெரிந்து புருஷோத்தமன் ஓடிவந்தார். "மேடம், ஒண்ணு ஸ்பேருக்குன்னுதான் நானே ப்ளான் பண்ணி வெச்சேன்."

"ஸ்பேருன்னா ரெண்டையும் எதுக்கு சார் ஒரே சுவிட்சுல ஓடவிட்டோம்?" என்றாள் சரிதா.

ரமீஜா சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். புருஷோத்தமன் கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்தார்.

தைக்குப் பிறகு மாடிக்கும் ஏசி கேட்டார்கள். சரிதா அளந்து எழுதிய தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார் புருஷோத்தமன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, முதலில் தன் பெயரை எழுதினாள்.

"உன் பேரு எதுக்கு?"

"தப்பா போனா யாரைக் கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியணும் சார். உங்களைக் கேட்டு என்னா ஆவப்போவுது?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து புருஷோத்தமன் கம்பெனியின் கணக்குத் தாள்களில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.