நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு

கல்வி, உளவியல் அளவீடு படிக்கிறேன் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் விளங்காது. "என்னாத்த அளக்குற, மண்டையவா?" என்பார்கள். ஏறக்குறைய அதுதான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகிப் புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வந்திருந்தேன். கணவருக்கு நெய்வேலியில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவருடைய அண்ணன், அண்ணி, அவர்களின் பெண், பையன், பிறகு நான்.

அண்ணன் மில்லில் மேஸ்திரி. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எம்.எட். சேர்ந்தது அவர் தலையசைத்ததால்தான். "படிக்கட்டும்டா, நம்ம வூட்டுக்குப் பெருமதானே" என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அப்புறம் மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்து எனக்குப் பரிமாறினார்கள். பஸ் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திட்ட மாட்டார். "வந்துட்டியா" என்பார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அந்த "வந்துட்டியா"வுக்கு என்ன பதில் சொல்வது?

எங்கள் படிப்பில் நுண்ணறிவுச் சோதனை வைத்துப் பழக வேண்டும். மரக்கட்டைகளை அடுக்கச் சொல்வது, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வது, படத்தில் எது இல்லை என்று கேட்பது. ஸ்டாப் வாட்ச் பிடித்து நேரம் பார்க்க வேண்டும். பிள்ளை சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் வையுங்கள் என்றார் பேராசிரியர். நல்லா சொன்னார் போங்கள்! அடுத்த வீட்டுப் படியேறி உட்காருவதற்கே எனக்கு அனுமதி இல்லை. மேஸ்திரி வீட்டு மருமகள் வீடு வீடாகப் போகிறாள் என்று பேச்சு வந்துவிடுமாம். வேறு வழியில்லாமல் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்தேன்.

பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. பையன் ஏழாவது. அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு. மாப்பிள்ளை பாரீசில் இருக்கிறான், பெண் பத்தாவது முடித்தால் போதும், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரே வாயைப் பிளக்கும் சம்பந்தம். அவளுக்கோ பிளஸ் டூ படிக்க வேண்டும், அதற்கு மேலும் படிக்க வேண்டும். அவள் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, வாயே திறக்க மாட்டார். அதனால் அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்லுங்க சித்தி, அப்பா கேப்பாரு." நான் சொன்னால் கேட்பாராம்! என் பாடே அங்கே பெரும்பாடு.

அவளுக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. பையனுக்குத் தொண்ணூற்றாறு. எண்ணை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். நானும் சொல்லவில்லை. அதுவே வினையாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா பாதியில் நிமிர்ந்தார்.

"இன்னா வந்துது?"

"அத சொல்லக் கூடாது மாமா."

"பெத்தவன்ட்ட சொல்லக் கூடாதா? அப்ப ஏதோ கோளாறு. பொண்ணுக்கு மண்டையில ஒண்ணும் இல்ல, அதான் மறைக்கிற. பத்தாவதோட நிறுத்திட வேண்டியதுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பேராசிரியராவது வந்து என் இடத்தில் நின்று பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு எண்ணையும் போட்டு உடைத்தேன்.

மாமா முகம் மலர்ந்தது. பையன் முதுகைத் தட்டினார். "தொண்ணூத்தாறு! நூத்துக்கு நாலுதான்டா கொற!" அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணுக்கு நூத்திப் பன்னண்டா? ஏம்மா, நூத்துக்கு எப்படிம்மா நூத்திப் பன்னண்டு வரும்? எங்க மில்லுல நூறு மீட்டர் நூல் போட்டா நூத்திப் பன்னண்டு மீட்டர் துணியா வருது? கூட்டல்ல கோட்ட வுட்டுட்ட, போ."

"நூறுங்கிறது முழு மார்க்கு இல்ல மாமா. அந்த வயசுப் பிள்ளைங்களோட நடு. நடுவுக்கு மேலயும் வரும், கீழயும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மனிதர் கணக்கில் புலி. பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்ப தொண்ணூத்தாறு நடுவுக்குக் கீழயா? எம் புள்ள மக்குன்றியா?"

எப்படி மாட்டிக்கொண்டேன் பாருங்கள். நூறு முழு மார்க் என்றால் பெண்ணின் எண் தப்பு. நூறு நடு என்றால் பையன் மக்கு. அவளைத் தூக்கிவிட நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவனைக் கீழே இறக்கியது. அவன் இறங்கினால் என் படிப்புக்கும் அன்றோடு சங்கு. தொண்ணூற்றாறும் நல்ல எண்தான், நாலைந்து முன்னே பின்னே போனால் ஒன்றும் இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்லச் சமாளிப்பது போலத்தான் இருந்தது.

கடைசியில் கையைக் கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணுக்குத் திரும்ப வையி. எம் எதுருல வையி. சரியா வந்தா படிக்கட்டும். வர்லன்னா சொல்தா வூட்டுக்கு ஆள் அனுப்புறேன்."

அவ்வளவு சீக்கிரம் அதே சோதனையை மறுபடி வைக்கவே கூடாது. பிள்ளைக்குப் போன தடவை பார்த்தது நினைவிருக்கும், எண் ஏறிவிடும். அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டையே நம்பாத மனிதரிடம் நூற்று இருபதைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவேன்? வேண்டுமென்றே குறைத்துப் போடலாமா என்றுகூட ஒரு புத்தி போயிற்று. ஆனால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் போடும் ஒவ்வொரு கோட்டையும் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தோம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா சமையலறை நிலைப்படியில் நின்றார். பெண் முதலில் கடகடவென்று சொன்னாள். கட்டைகளை நான் வாட்சை அழுத்தி முடிப்பதற்குள் அடுக்கிவிட்டாள். நூற்று இருபதைத் தாண்டிவிடுவாள் போல இருந்தது. அப்புறம் எண்களைத் தலைகீழாகச் சொல்லும் இடம் வந்தது. போன தடவை ஏழு எண்ணைச் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னவள், நாலு எண்ணில் நின்றாள்.

"தெரியல சித்தி."

அடுத்ததற்கும் தெரியல. அதற்கு அடுத்த படத்தில், கதவில் தாழ்ப்பாள் இல்லாததைப் போன தடவை பார்த்த மாத்திரத்தில் தொட்டுக் காட்டியவள், இப்போது உற்று உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பயந்துவிட்டாள், அப்பா பக்கத்தில் இருப்பதால் மூளை ஓடவில்லை என்று நினைத்தேன். நன்றாகப் பாருடி என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாய் திறக்கக் கூடாது, முகம் காட்டக் கூடாது. மாமா வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லு மாதிரி உட்கார்ந்து கோடு போட்டேன். அந்த மத்தியானம் போல நான் என்றைக்கும் புழுங்கியதில்லை.

கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு.

மாமா தொடையைத் தட்டினார். "பாத்தியா! இது மார்க்கு. தம்பிய வுட ரெண்டு கொறச்சல், பரவால்ல, பொட்டப் புள்ளைக்கு இது போதும். நீதான் போன வாட்டி தப்பா கூட்டிட்ட." அப்புறம் பெண்ணைப் பார்த்து, "படி, போ. சொல்தா வூட்டுல இப்ப வேணாம்னு சொல்லிட்றேன்" என்றார். நிலைப்படியில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமா, எரிச்சலா என்றே தெரியவில்லை. தப்பாகக் கூட்டியவள் என்ற பெயரோடு எழுந்தேன்.

கிணற்றடியில் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"என்னடி ஆச்சு உனக்கு? போன வாட்டி அத்தனையும் சொன்னியே. அப்பாவப் பாத்துப் பயந்துட்டியா?"

நிமிரவே இல்லை அவள். "பயம்லாம் இல்ல சித்தி. நூத்துக்கு மேல போனா அப்பா நம்ப மாட்டாரு. தம்பிக்கு மேல போனா கோச்சுப்பாரு. எத்தன வுட்டா எத்தன வரும்னு எனக்குத் தெரியாது. அதான் பாதிக்கு மேல பூராத்தையும் வுட்டுட்டேன்."

அவளைக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் சாம்பல் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"காலேஜில நீங்களும் இப்படித்தான் வுடுவீங்களா, சித்தி?"

சீச்சீ, நான் எதற்கு விடணும் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து மாமா டீ கேட்டுக் குரல் கொடுத்தார்.

"தோ வந்துட்டேன் மாமா" என்று எழுந்தேன்.