அண்ணியின் மூச்சுக்கு வாசித்த கித்தார்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. ஜவ்வாது மலையில் ஃபிளமெங்கோ கித்தார் வாசித்த முதல் ஆள் நான்தான்; இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில், மரங்களை ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு மூன்று மாதம் வழிகாட்டியாக இருந்தேன். ஊர் திரும்பும்போது தன் கித்தாரையும் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களையும் எனக்கே கொடுத்துவிட்டார். ஸ்பெயின் தேசத்தில் ஃபிளமெங்கோ என்ற நாட்டுப்பாட்டைப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் முறை அவற்றில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் விரல் வைக்கும் படங்களும் எண்களும் இருந்தன. அது போதாதா? படமுள்ள பக்கங்களை எல்லாம் ஒரே வருஷத்தில் விரலில் ஏற்றிவிட்டேன். வெறும் எழுத்தாக இருந்த பக்கங்களைத் தள்ளிவிட்டேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் என் அண்ணி. மற்றப் பெண்கள் வட்டமாக நின்று திருப்பிப் பாடுவார்கள். அந்த வட்டத்தில் கித்தாரோடு உட்கார்ந்தே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவர்கள் சாமை தூற்றிக்கொண்டிருந்த களத்துக்குப் போனேன். அண்ணி பாட, நான் புத்தகத்தில் இருந்தபடி பன்னிரண்டு தட்டு எண்ணி வாசித்தேன். அவர் ஒரு வரியை இழுத்து நிற்கும்போது நான் அடுத்த வரியைத் தாண்டியிருந்தேன். சுருதியும் சேரவில்லை.

அண்ணி நிறுத்தினார். "இன்னா கொழுந்தனாரே, போளூர் பஸ்ஸ புடிக்கப் போறீங்களா? இந்த ஓட்டம் ஓட்றீங்க."

"கணக்கு சரியாத்தான் இருக்குது அண்ணி. நீங்கதான் நின்னு நின்னு வர்றீங்க."

"என் தொண்டை இன்னிக்கு எங்க நிக்குதோ அங்கதான் பாடுவேன். உங்க பெட்டிக்காகப் பாட முடியாது. இப்படியே வாசிச்சா திருவிழாவுக்கு வூட்லயே இருங்க."

மறுநாளே போளூருக்கு இறங்கினேன். அங்கே இங்கிலீஷ் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம், நான் தள்ளிவிட்ட பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"யோவ், முக்கியமானதெல்லாம் இதுலதான்யா இருக்குது. எண்ணாம இழுத்துப் பாடற பாட்டும் உண்டாம். அதுல அவங்க இழுக்கற வரைக்கும் காத்திருக்கணும். மூச்சு வாங்கற எடத்துலதான் உன் வேலை. அவங்க தொண்டை ஏறினா, கித்தார் கழுத்துல கம்பிங்க மேல ஒரு கட்டைய இறுக்கி நீயும் சுருதிய ஏத்தணும்."

வேறொருவனாக இருந்தால் கித்தாரைப் பரணில் போட்டிருப்பான். நான் புளியமரக் கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு செதுக்கி, சைக்கிள் டியூப் பட்டையால் கம்பிகள்மேல் இறுக்கினேன். அந்த மாதம் முழுவதும் அண்ணி பாடிக்கொண்டு வேலை செய்த இடமெல்லாம் போய், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கேட்டுப் பழகினேன்.

திருவிழாவன்று வட்டத்துக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அண்ணி பார்த்தார். வேண்டுமென்றே பாட்டை வழக்கத்தைவிட மேல் சுருதியில் எடுத்தார். கித்தார் கழுத்தில் கட்டையை இரண்டு கட்டம் மேலே தள்ளினேன். அவர் இழுத்தார், காத்திருந்தேன். இன்னும் இழுத்தார், நான் கம்பியைத் தொடவில்லை. அவர் மூச்சு வாங்கிய நொடியில் என் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகளில் விழுந்தன. பெண்கள் திருப்பிப் பாட மறந்து என் கையையே பார்த்தார்கள்.

"அவரு கையில இன்னாடி இருக்குது? பாட்டப் பாடுங்க" என்று அவர்களை அதட்டிவிட்டு, அண்ணி என் பக்கம் திரும்பினார். "அங்க ஏன் ஒக்காந்துனு இருக்கீங்க? உள்ள வாங்க கொழுந்தனாரே."