இடது பக்கத் திருப்பம்

இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்யும் அந்தப் பட்டறையில் அவனை எல்லோரும் 'மில்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் மில்லிமீட்டரில்தான் பேசுவான். சாப்பாட்டு டப்பாவைக்கூட மேசை ஓரத்திலிருந்து அளந்துதான் வைப்பான் என்று கூட வேலை செய்யும் வெல்டர் கிண்டலடிப்பார். அப்படிப்பட்டவன், சொந்த அக்காவுக்குச் செய்த சைக்கிளில் கோட்டை விட்டுவிட்டான்.

அக்கா ஜன்னல் திரைகள் தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். பின்னால் வைத்துக் கட்டினால் மடிப்புக் கலைகிறது என்று அவள் ஒருநாள் அலுத்துக்கொள்ள, "முன்னாடி பெட்டி வச்ச சைக்கிள் ஒண்ணு நானே பண்ணித் தர்றேன்க்கா" என்று இவன் சொல்லிவிட்டான்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் ஹேண்டில்பார், அந்தப் பக்கம் முன்சக்கரம். இரண்டையும் சேர்க்கப் பெட்டிக்கு அடியில் ஒரு நீளக் கம்பி. கம்பியின் இரு முனைகளையும் பிடிக்க, ஹேண்டில்பாருக்குக் கீழே ஓர் இரும்புப் பட்டை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இன்னொன்று. ஹேண்டில் திரும்பினால் கம்பி தள்ளும், சக்கரம் திரும்பும். அவ்வளவுதான் விஷயம்.

முன்பட்டை வர வேண்டிய இடத்தில் பெட்டியைத் தாங்கும் கால் இடித்தது. காலை வெட்டி நகர்த்தினால் அரை நாள் போய்விடும். பட்டறையில் அவசர வேலை வேறு காத்திருந்தது. பட்டையை முன்பக்கமாகச் சாய்த்துப் பற்றவைத்துவிட்டான். ஓட்டிப் பார்த்தபோது, இடது பக்கம் ஒடித்த ஒரு தடவை ஹேண்டில் சட்டென்று பிடித்தது. புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஓட்ட ஆரம்பித்த மூன்றாவது வாரம் மருந்துக்கடை முனையில் இடப்பக்கம் திரும்பும்போது அக்கா விழுந்தாள். இடது தோளில் காறை எலும்பு முறிந்தது.

பார்க்கப் போனவனிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள்: "என் மேலதான்டா தப்பு. எங்கயோ பராக்குப் பாத்துட்டு ஒடிச்சிட்டேன்."

"தரையில நடக்கறதே ஒழுங்கா வராது, இதுல சைக்கிள் வேற" என்று அக்காவின் கணவர், மாமா, சிரித்தார். இவனும் சேர்ந்து சிரித்தான்.

நசுங்கிய பெட்டியை நிமிர்த்துகிற சாக்கில் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். சாப்பாட்டு நேரத்தில் அட்டையில் இரண்டு பட்டைகளும் ஒரு கம்பியுமாக வெட்டி, குண்டூசி குத்தித் திருப்பிப் பார்த்தான். வலது பக்கம் தொந்தரவில்லை. இடது பக்கம் ஹேண்டில் செங்கோணத்தில் கால்வாசி திரும்புவதற்குள் சக்கரம் பாதிக்கு மேல் மடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சாய்ந்த பட்டையும் கம்பியும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன. அதற்குப் பிறகு கம்பியை எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் திரும்பி வராது. யார் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பார்கள்.

பெட்டியின் காலை வெட்டி நகர்த்தினான். இரண்டு பட்டைகளையும் ஒரே நீளத்தில் நேர் பக்கவாட்டில் வைத்தான். கம்பி எப்போதும் பெட்டியின் ஓரத்துக்கு இணையாகவே நகர்ந்தது. ஹேண்டில் எவ்வளவோ சக்கரமும் அவ்வளவு. சக்கரம் அதிகம் திரும்பாமல் தடுக்க ஓர் இரும்பு முட்டும் பற்றவைத்தான். சரியாக அரை நாள்தான் ஆனது.

பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனான். அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத வேற யாருக்காவது குடுத்துடுடா. எனக்குக் கண்ணும் போச்சு, கையும் நிதானமில்ல. இனிமே கொண்டுவந்து தர முடியாதுன்னு வீடுகள்ல சொல்லியாச்சு."

அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, நீ விழல. நான் விழ வச்சேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கணக்குப் போட்டுப் பாத்தது போன வாரம். ஆனா ஓட்டிப் பாத்த அன்னைக்கே கைக்குத் தெரிஞ்சுதுக்கா."

"அஞ்சு வாரமா என்னை நானே திட்டிட்டிருக்கேன். எலும்பு முறிஞ்சது கூடப் பெரிசில்லடா." குரல் உடைந்தது. பிறகு உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்: "என்னங்க, இங்க வாங்க. டேய், எனக்குச் சொன்னத ஒரு வார்த்தை விடாம அவருக்கும் சொல்லு."

சொன்னான். மாமா சிரிக்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

தோள் கூடும் வரை திரைகளை இவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கொண்டுவர முடியாது என்று அக்கா சொல்லியிருந்த வீடுகளில், தப்பு அக்காவுடையதல்ல, சைக்கிளைச் செய்த தன்னுடையதுதான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். யாரும் கேட்காவிட்டாலும் சொன்னான்.

மூன்றாம் மாதம் அக்கா சைக்கிளைத் தெருவில் தள்ளிக்கொண்டே போய், இடது பக்கம் மட்டும் பத்துத் தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு ஏறி ஒரு சுற்று வந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். திரை மூட்டையை வலது கையால் மட்டும் தூக்க முயன்றாள். அவன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான்.