பானுமதியின் கம்ப்யூட்டரும் பார்வதியம்மாளின் தூக்கமும்

பானுமதிக்குத் தன் கம்ப்யூட்டர் போடும் சத்தம் காதில் விழுவதே இல்லை. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்து பழகிவிட்டது. முதல் தடவை வீட்டுக்குள் நுழைகிறவர்கள்தான், "என்ன, மிக்ஸி ஓடுதா?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, மேலே பலகைத் தட்டில் இருக்கும் கறுப்புப் பெட்டியைக் காட்டுவாள்.

மும்பை தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். முனிசிபல் பள்ளியில் பத்தாவது முடித்ததும் ஒரு எம்ப்ராய்டரி பட்டறையில் பிசிறு நூல் வெட்டப் போனாள். அங்கே கம்ப்யூட்டரில் பஞ்சிங் செய்வதைத் தள்ளி நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பட்டறை முதலாளி சேட்டு ஒரு மயில் படத்தைக் கொடுத்தால், அதில் எந்த நிறம் முதலில் வர வேண்டும், ஊசி எங்கே இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மிஷினுக்குப் புரிகிற தையல்களாக மாற்றிக் கொடுப்பதுதான் பஞ்சிங். கல்யாணமாகி மகேஷ்குமாரோடு இந்த வீட்டுக்கு வந்த பிறகு, மூடிப்போன ஒரு ஆபீஸிலிருந்து இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வீட்டிலேயே வேலையை ஆரம்பித்தாள். இன்றைக்கு மூன்று பட்டறைக்காரர்கள் அவளைத் தேடி வருகிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்து அறையில் பார்வதியம்மாள் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. செம்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை, எப்போதும் நைட் டூட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவே செங்கல் சுவர் கிடையாது. பலகை அடித்து, அதன் மேல் சிமென்ட் ஷீட் வைத்திருந்தார்கள். பானுமதிக்கு டெங்கு வந்து கிடந்த வருஷம், தன்னுடைய நர்ஸிங் ஹோமிலேயே கெஞ்சிப் பெட் வாங்கிக் கொடுத்து, டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

அந்தப் பார்வதியம்மாளை ஊர்ச் சங்கத்து மண்டபத்தில் அப்படிப் பார்ப்போம் என்று பானுமதி நினைக்கவே இல்லை.

மகேஷ்குமாரின் அக்கா மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் துணியில் பெயரை எம்ப்ராய்டரி போட்டுத் தருவதாகப் பானுமதி ஏற்றிருந்தாள். அளவெடுக்க ஒரு மத்தியானம் மண்டபத்துக்குப் போனாள். அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால், ஒரு பழைய பேனரை விரித்து யாரோ படுத்திருந்தார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தது. தலைக்கு வைத்திருந்த பையை அவளுக்குத் தெரியும். டூட்டிக்குப் போகும்போது பார்வதியம்மாள் தோளில் மாட்டுகிற நீலப் பை.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வெயிலுமுத்து சாவிக்கொத்தோடு வந்தார்.

"சத்தம் போடாம அளந்துக்கோம்மா. அந்தப் பொம்பள ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து தூங்குது."

"இவுக எதுக்கு அண்ணாச்சி இங்க வந்து படுக்காவ? வீடு இருக்கே."

"வீடு இருந்து என்ன செய்ய? பக்கத்து வீட்டுல ஏதோ மிசினு ஓட்டுதாகளாம். பகல் முழுக்க கர்ருனு சுவரே ஆடுதாம். மழைக்கு முந்தியே எங்கிட்ட வந்து கேட்டுச்சு, படுத்துக்கிடவான்னு. பாவம், விசேஷம் இருக்க அன்னைக்குத்தான் எங்க போவுமோ தெரியல."

பானுமதி டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். அளந்தது தலையில் நிற்கவில்லை. திரும்ப அளக்கவும் தைரியமில்லை. அந்த முகம் இந்தப் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வரும் வழியில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. கோடைக்காலத்தில் ஒரு நாள், அவசர ஆர்டர். பட்டறைக்காரன் போனில் கத்திக்கொண்டிருந்தான். பார்வதியம்மாள் வாசலில் வந்து நின்று, "ஏட்டி, அத ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க முடியுமா? கண்ணு எரியுது" என்று கேட்டாள். பானுமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தமே இல்லாம தூங்கணும்னா செம்பூர்லயே பிளாட் வாங்கிட்டுப் போங்க பெரியம்மா. இங்கன எல்லாரும் பொழைக்கத்தான் வந்திருக்கோம்" என்றாள். முதுகுக்குப் பின்னால் சின்னதாகச் சிரித்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலத்துக்குள் பானுமதி அதை மறந்துபோனாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் வாசலுக்கு வந்து பேசியதே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வேலைக்குப் போகிறவளுக்கு நேரம் இருக்காது என்று இவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. எப்படி இத்தனை நாள் கேட்காமல் இருந்தது என்று அவளுக்கே புரியவில்லை. கையைப் பலகைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை அதிர்ந்தது.

உடனே போய்ப் பார்வதியம்மாளிடம் பேசியிருக்கலாம். அவள் போகவில்லை. போய் என்ன சொல்வது? வீட்டிலேயே வந்து தூங்குங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, மறுநாள் அதே சத்தத்தைக் காதில் போடவா? முதலில் சத்தத்தை அடக்குவோம், அப்புறம் முகத்தைப் பார்த்துச் சொல்வோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சில நாள் மத்தியானம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தும் பார்த்தாள். பக்கத்து அறை பூட்டியே கிடந்தது. இவள் அணைத்திருப்பது மண்டபத்தில் படுத்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? வேலைதான் தேங்கியது.

மகேஷ்குமாரிடம் சொன்னாள். பை தைக்கும் காரகானாவில் சூப்பர்வைசர் அவன்.

"அவ்வளவுதானே, பெட்டிக்குள்ள இருக்க ஃபேன மாத்திட்டா ஆச்சு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே" என்றான். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சாமான் விற்கும் லாமிங்டன் ரோடு போய் ஒரு பெட்டியோடு வந்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு எரியும் மூன்று ஃபேன். மலிவாகக் கிடைத்ததாம். மாட்டியதும் வீடே கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. பழைய இரைச்சலோடு புதிதாக ஒரு விசில் சத்தமும் சேர்ந்துகொண்டது.

"சத்தம் குறையலயே" என்றாள்.

"புதுசுல்லா. ஓட ஓடப் படிஞ்சிரும்."

படியவில்லை. இதற்குள் சடங்கும் முடிந்து, அடுத்த விசேஷத்துக்கு மண்டபத்தில் பந்தல் வேலை ஆரம்பமாகிவிட்டது. ஒரு காலை தண்ணீர் பிடிக்கும்போது பார்வதியம்மாள் எதிரில் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. பானுமதி குடத்தின் வாயைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே, கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இருக்கும் கரீம் பாட்சாவின் ரிப்பேர் கடைக்குப் போனாள். மேலப்பாளையத்துக்காரர். போன், பிரிண்டர், கம்ப்யூட்டர் எல்லாம் பார்ப்பார்.

அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சும் பிசிறு நூலும் தூசியும் சேர்ந்து மெத்தை மாதிரி அப்பியிருந்தன. ப்ராசஸர் ஃபேனைச் சுற்றி ஒரு ரோஸ் கலர் நூல் சுருண்டிருந்தது.

"மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா ஓடுமா தங்கச்சி? சூட்டுல மூச்சு வாங்குது இது" என்றார் கரீம் பாட்சா. "இந்த லைட்டு ஃபேன யாரு வாங்குனா?"

"அவுகதான். சத்தம் இல்லாம எது இருக்கும் பாய்? ரொம்ப வெலை போட முடியாது."

"வெலை கூடுனது எல்லாம் வேண்டாம். ஃபேன் சின்னதா இருந்தா அதே காத்தத் தள்ள வேகமா சுத்தணும். அதான் விசிலு. பின்னாடி இருக்க சின்னதக் கழட்டிப் போடுவோம். முன்னாடி பெரிய ஃபேன் ஒண்ணுக்கு எடம் இருக்கு, அது மெதுவா சுத்துனாலே போதும்."

அவர் எடுத்துப் போட்ட நான்கைந்து ஃபேன்களைப் பானுமதி ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காதோரம் பிடித்துப் பார்த்தாள். ஒன்று நிமிர்த்திப் பிடித்தால் அமைதியாக இருந்தது, படுக்க வைத்தால் கரகரத்தது. ஒன்று காற்றே தள்ளவில்லை. ஒன்றில் எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. விளக்கு கிடையாது, சாம்பல் நிறம். நாலு பின் வயர். வேலை கூடும்போது போர்டே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், சும்மா இருக்கும்போது குறைத்துக்கொள்ளும் என்றார். அதையே எடுத்தாள். ப்ராசஸருக்கும் ஒன்று மாற்றி, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, ஃபேன் மாட்டுகிற இடத்தில் இரும்புத் திருகுக்குப் பதிலாக அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் முளை போட்டுத் தந்தார்.

கிளம்பும்போது கேட்டார். "வீட்ல இத எங்க வச்சிருக்க?"

"சுவத்துல ஒரு பலகைத் தட்டு அடிச்சி, அதுமேல."

"எந்தச் சுவரு?"

சொன்னாள்.

"அப்ப மொதல்ல அதத்தான் எறக்கியிருக்கணும். பெட்டி ஆடுனா தட்டு ஆடும், தட்டு ஆடுனா சுவரு ஆடும். அந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு உன்னவிடக் கூடத்தான் கேக்கும். தரையில ஒரு ரப்பர் பாய் போட்டு வையி, பாதிச் சத்தம் போயிரும். அதுக்கு ஃபேனே மாத்த வேண்டாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பானுமதிக்குக் காது மடல் சூடேறியது. அந்தத் தட்டை அந்தச் சுவரில் அடிக்கச் சொன்னவளே அவள்தான். பெருக்குவதற்குச் சௌகரியமாக இருக்கும் என்று. கோடையில் அந்த அம்மாள் வந்து நின்ற அன்றைக்கே பெட்டியைத் தரையில் இறக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். காசு செலவில்லை, லாமிங்டன் ரோடு இல்லை. எழுந்து நின்று கேட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து பெட்டியை எதிர்ப்பக்கத்து மூலையில் தரையில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பலகைச் சுவரில் கை வைத்தாள். சுவர் சும்மா இருந்தது.

மறுநாள் காலை பார்வதியம்மாள் டூட்டி முடிந்து வரும் நேரத்தில் டீ போட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் நீலப் பையோடு வந்து பூட்டைத் திறந்தாள். பானுமதி மறுபடி டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, இன்னைக்கு டூட்டி இல்லையா?"

"போயிட்டுத்தானே வாரேன். பகல் டூட்டிக்கு மாத்திக்கிட்டேம்லா, இன்னையிலருந்து."

"ஏன்?"

"உடம்பு தாங்கல ஏட்டி. பகல்ல தூக்கம் இல்ல. ஒரு நாளு ராத்திரி நோயாளிக்கு மருந்து மாத்திக் கொடுக்கப் போனேன், நல்லவேளை சிஸ்டர் பாத்துட்டா. பொறவு பயந்து போயி மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன். நைட்டுக்கு வேற ஆளப் போட்டுட்டாவ."

"திரும்பக் கேட்டா தர மாட்டாகளா?"

"தர மாட்டாவ. நைட்டுக்கு நின்னா காசு கூடுதல்லா, எல்லாருக்கும் அதுதான் வேணும்."

பானுமதி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டீ ஆறிப்போனது. மண்டபத்தில் பார்த்த அன்றைக்கே ஓடி வந்து சொல்லியிருந்தால், பெட்டியை மட்டுமாவது இறக்கியிருந்தால், இந்த அம்மாள் மேட்ரனிடம் போயிருக்கவே மாட்டாள். ஃபேன் வாங்குகிறேன், ஃபேன் வாங்குகிறேன் என்று இவள் நாளைக் கடத்திய நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

"நான் அன்னைக்கு உங்கள செம்பூருக்குப் போங்கன்னு சொன்னேன்" என்றாள். "நீங்க மண்டபத்துல படுத்திருந்தத நான் பாத்தேன் பெரியம்மா. பாத்துட்டும் வந்து பேசல. இப்ப ஃபேன மாத்தியாச்சு. பெட்டியையும் எறக்கி வச்சாச்சு. உள்ள வந்து வேணும்னா கேளுங்க."

பார்வதியம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இல்லை, அதையெல்லாம் நான் மறந்துட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தாள் பானுமதி. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"வருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள். "டெங்குல கெடந்தப்ப என் கையத்தான் புடிச்சிட்டு இருந்தா, இப்ப இப்படிச் சொல்லுதாளேன்னு. அதான் பொறவு வந்து கேக்கல. கேட்டிருக்கணும். நானும் வீம்பாத்தான் இருந்துட்டேன்."

"தப்பு என்மேலதான் பெரியம்மா."

"ஆமா, உம்மேலதான்" என்றாள் பார்வதியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரை வாங்கி, ஆறிய டீயை நின்றபடியே குடித்தாள். குடித்துவிட்டுக் கேட்டாள். "பகல் டூட்டியில ஒரு கஷ்டம். தண்ணி வர்ற நேரத்துல நான் இருக்க மாட்டேன். என் டிரம்மையும் சேத்து ரொப்பி வைக்கியா?"

"வைக்கேன்."

அன்றிலிருந்து சாவி பானுமதியிடம் இருக்கிறது. தண்ணீர் வந்ததும் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போய், முதலில் பார்வதியம்மாள் டிரம்மை நிரப்பிவிட்டுத்தான் தன் டிரம்முக்குக் குழாயைப் போடுவாள். பூட்டைத் திறக்கும்போதெல்லாம், பகலில் யாரும் படுக்காமல் சுருட்டி வைத்திருக்கும் அந்தப் பாய் கண்ணில் படும். நைட் டூட்டிக் காசு போனதிலிருந்து பார்வதியம்மாள் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதை நிறுத்திவிட்டதும் அவளுக்குத் தெரியும். இவள் வீட்டில் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். சில நாள் வாங்கிக்கொள்வாள், சில நாள் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்கிற நாளில் பானுமதிக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

போன வாரம் சாயங்காலம் பார்வதியம்மாள் வாசலிலிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏட்டி பானு, டிரம்ம மூடாம வச்சிட்டுப் போயிருக்கே, கொசு விழுந்து கெடக்கு. ஒரு டெங்கு பத்தாதா உனக்கு? கண்ணு எங்க இருந்துச்சு?"

"மறந்துட்டேன் பெரியம்மா" என்று சொல்லிக்கொண்டே பானுமதி நாற்காலியை விட்டு எழுந்து ஓடினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்வதியம்மாள் பழையபடி உரிமையோடு அவளைத் திட்டுகிறாள். முழுத் திட்டையும் நின்று கேட்டு, டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.