கோட்டை மலையில் ஒரு கத்திக்காரன்

அந்த ஆளை நான்தான் முதலில் கண்டேன். குருணாகலைக்கு அப்பால், எந்த ராஜாவோ எதிரிக்குப் பயந்து மலையுச்சியில் கட்டிய கோட்டையைப் பார்க்க, வெள்ளவத்தையிலிருந்து விடியவே புறப்பட்டிருந்தோம். ஏறுபாதையில் என்னையும் கணவரையும் தவிர வேறு யாருமில்லை என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க நின்றபோது கீழே இடுப்பில் சாரம் கட்டிய ஒருவன் தெரிந்தான். கையில் நீளக் கத்தி. நாங்கள் நின்றால் அவனும் நின்றான்.

"இஞ்சருங்கோ, அந்தாள் எங்களுக்குப் பின்னாலதான் வாறான்."

"விறகு வெட்ட வந்திருப்பான். நீர் சும்மா பயப்பிடுறீர்."

சொல்லிவிட்டு அவரும் வேகமாக நடந்தார்.

மேலே இடுப்பளவு மதிலும் உடைந்த படிகளும்தான் மிச்சம். மதிலோரம் ஒரு குழி; மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் குனிந்து எட்டிப் பார்க்கவும் கத்திக்காரன் வந்து சேரவும் சரியாக இருந்தது.

"பையில் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான்.

அவன் கேட்டு முடிக்குமுன்பே என் கணவர் பையைத் திறந்து, அடையாள அட்டையையும் நீட்டிவிட்டார். சோதனைச் சாவடிகளில் பழகிய கை. அவன் கமராவை விட்டுவிட்டு அதன் மூன்றுகால் ஸ்டாண்டைத் தூக்கித் தட்டிப் பார்த்தான்.

"இதாலயா தோண்டுறீங்க?"

அப்போதுதான் விளங்கியது. புதையல் தேடி யாரோ கோட்டையைத் தோண்டுகிறார்களாம். கடைசியாக வந்தவர்களும் எங்களைப் போல மரியாதையான புருஷன் பெண்சாதிதானாம். ஊரார் முறைவைத்துக் காவல் காக்கிறார்களாம். அட்டையில் பெயரை வாசித்துவிட்டு எங்களை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு போனை எடுத்து எங்கள் இருவரையும் படம் பிடித்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதை மட்டும் எப்படி நம்புவது? அந்தக் குழியை அவனே தோண்டியிருந்தால்? அவன் குழிப்பக்கம் திரும்பியபோது நானும் அவனை ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போதும் அவன் பின்னாலேயே வந்தான். பஸ் நிற்குமிடத்தில் கணவர் பிஸ்கட் பக்கெற்றைப் பிரித்து அவனிடம் நீட்டினார். அவன் எடுக்கவில்லை. கணவர் ஒன்றை எடுத்துக் கடித்து விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு இரண்டு எடுத்துக்கொண்டான்.