திண்டிவனத்து இத்தாலி வயலின்

காலை ஏழரை மணிக்கு எழும்பூரில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். மடியில் ஒரு வயலின் பெட்டி. கச்சேரிக்கு வயலின் வாசிக்கிறவன் மடியில் வேறு என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். பெட்டி என்னுடையதுதான், உள்ளே இருந்த வயலின் என்னுடையது இல்லை. இருபத்திரண்டு வருஷம் நான் வாசித்த வயலின் விழுப்புரத்தில் தனகோட்டி என்பவனிடம் இருந்தது. அதைத் திருப்பி வாங்கிவரத்தான் இந்தப் பயணம். எழும்பூரிலிருந்து விழுப்புரம் நூற்று அறுபது கிலோமீட்டர், டிக்கெட் பதினேழு ரூபாய். எண்பத்தாறாம் வருஷத்து மே மாதம். ஜன்னல் கம்பியில் கையை வைக்க முடியவில்லை.

செங்கல்பட்டு ஏரி தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். நானும் நடந்ததை மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். தனகோட்டி பழைய வயலின்கள் வாங்கி விற்கிறவன். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வீடுகளில் கிடக்கும் வாத்தியங்களைத் தேடிப் பிடித்து வித்துவான்களுக்குக் கொடுப்பான். சபா வாசலில் எல்லாரையும் அவனுக்குத் தெரியும், எல்லாருக்கும் அவனைத் தெரியும். போன சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் ஒரு வயலினோடு என் வீட்டுக்கு வந்தான். இத்தாலியில் செய்தது, மூன்று தலைமுறையாக ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் இருந்தது, தமிழன் கையே படாதது என்றான். உள்ளே ஒட்டியிருந்த பழுப்புச் சீட்டில் இத்தாலிப் பெயர் ஒன்று இருந்தது. என் வயலினையும் மேற்கொண்டு மூவாயிரம் ரூபாயையும் கொடுத்தால் போதுமாம்.

வாசித்துப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் அவன் சாமர்த்தியம். சரஸ்வதி பூஜையன்று வாத்தியத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை அதைத் தொடக்கூடாது, வாசிக்கவும் கூடாது. எங்கள் வீடுகளில் இது சட்டம். "நீங்க வாசிச்சுப் பாக்கணும்னா பாருங்க வாத்தியாரே, நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். விளக்கு ஏத்தியாச்சே, அதான் யோசிக்கிறேன்" என்று கைகட்டி நின்றான். நான் வாசிக்கவில்லை. என் வயலினைப் பூஜையில் வைக்காமலே அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் கொண்டுவந்ததைத் தாம்பூலத் தட்டில் வைத்து வாங்கினேன். ரசீது கேட்கவில்லை. சரஸ்வதிக்கு யாராவது ரசீது கேட்பார்களா? மறுநாள் காலை வில்லைப் போட்டால், தகர டப்பாவைச் சுரண்டிய மாதிரி சத்தம் வந்தது. "நூறு வருஷம் தூங்கின வயலின், வாய் திறக்க ஆறு மாசம் ஆகும்" என்றான். ஆறு மாதம் காத்திருந்தேன். ஏப்ரலில் ஒரு கல்யாணக் கச்சேரி முடித்துத் துண்டால் துடைத்தபோது துண்டு முழுக்கத் தேயிலைச் சாயம். அடியில் புது மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு விழுப்புரம். ஜங்ஷன் என்பதால் இறங்கியவர்களில் பாதிப்பேர் அடுத்த வண்டிக்குத்தான் ஓடினார்கள். தனகோட்டியின் கடை பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் இருந்தது. முன்பக்கம் ஆர்மோனியப் பெட்டிகள், பின்னால் தைக்காத மிருதங்கத் தோல். அவன் என்னைப் பார்த்துத் திடுக்கிடுவான் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். அவன் எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"வெயில்ல வந்திருக்கீங்களே வாத்தியாரே. ஒரு கார்டு போட்டிருந்தா நானே வந்திருப்பேனே. மோர் குடிங்க."

"மோர் வேண்டாம். என் வயலின் வேண்டும்" என்றேன். சாயம் ஒட்டிய துண்டை மேஜைமேல் போட்டேன்.

அவன் துண்டைப் புரட்டிப் பார்த்தான். யாரோ செத்துப்போன செய்தி கேட்டவன் மாதிரி உச்சுக்கொட்டினான். "பாண்டியில நம்பித்தான் வாங்கினேன். என்னையே ஏமாத்திட்டானுங்க, பாத்தீங்களா? உங்க வயலின்தான வேணும்? திண்டிவனத்துல இருக்குது. வாங்க, நானே கூட்டிக்கினு போறேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறானே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பாவம், இவனும் ஏமாந்தவன்தானோ என்று நினைத்தேன். என்னைப் போன்ற ஆட்கள் இருக்கும்வரை அவனுக்கு வியாபாரம் படுக்காது.

இரண்டு மணி பஸ்ஸில் ஏறினோம். முப்பத்தேழு கிலோமீட்டர், நாலு ரூபாய். டிக்கெட்டை அவனே எடுத்தான். சாயம் போன அந்த வயலினை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டான். விக்கிரவாண்டியில், அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு ஓர் அம்மாள் ஏறி, மூட்டையை என் காலடியில் தள்ளினாள். "இன்னாங்க அந்தப் பொட்டியில?" என்று கேட்டாள்.

"வயலினுங்கம்மா. ஐயா மெட்ராஸ்ல பெரிய வித்துவான்" என்றான் தனகோட்டி.

"நம்மூர் கோயிலுக்கு வந்து வாசிக்கிறதுதான?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, ஒரு கை மல்லாட்டை கொடுத்தாள். கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள். தனகோட்டி முருகன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மூன்றேகாலுக்குத் திண்டிவனம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் பத்து நிமிஷம். ஓட்டு வீடு, பக்கத்தில் நெல் காயும் களம். வீட்டுக்காரர் ஏழுமலை சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். அவர் மனைவி விசாலாட்சி ஊர்ப் பெண்களுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறாள், ரேடியோவில் வாசிக்கும் தேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். வாசலிலேயே கைகூப்பி நின்றாள். இப்படி ஒருவன் வருவான் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அது எப்படி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"வாங்க ஐயா. தனகோட்டி அண்ணன் சொல்லிக்கினே இருந்தாரு, மெட்ராஸ்லருந்து பெரிய வித்துவானு ஒருத்தரு என்னிக்காச்சும் வந்து நம்ம வயலினைப் பாப்பாருன்னு" என்றாள்.

பட்டுத்துணியை விலக்கிக் காட்டினாள். என் வயலின். கம்பியை முறுக்கும் பிருடைகள் நான்கையும் தனகோட்டி மாற்றியிருந்தான். மேலே லேசாக வார்னிஷ் பூசியிருந்தான். உள்ளே பழுப்புச் சீட்டு, அதே இத்தாலிப் பெயர். "இத்தாலியில செஞ்சது ஐயா. பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்ல மூணு தலைமுறை இருந்துச்சாம். தமிழாளுங்க கையே படலியாம்" என்று அவள் எனக்கே சொன்னாள். நான் தனகோட்டியைப் பார்த்தேன். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா, இது என் வயலின்" என்றேன். "ஜெர்மனியில் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பியதில் ஒன்று. இதன் தலையைப் பாருங்கள். வெள்ளைக்காரன் வயலினைத் தோளில் வைத்து மோவாயால் பிடித்து வாசிப்பான். அவனுக்குத் தலை அந்தரத்தில் இருக்கும். நாம்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்து தலையைக் கணுக்காலில் ஊன்றுகிறோம். தமிழன் கை படாத வயலினுக்கு இங்கே எப்படித் தேய்ந்தது?" நத்தை மாதிரி சுருண்ட அந்தத் தலையின் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்து கறுத்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்து என் கால் வியர்வை. கீழே உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கி, கணுக்காலில் காய்த்துப்போன இடத்தையும் காட்டினேன்.

விசாலாட்சி குனிந்து தேய்மானத்தைத் தடவினாள். பிறகு தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டாள். "நான் ஆறு மாசமாத்தான வாசிக்கிறேன். அதுக்குள்ள இவ்ளோ தேயுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்த ஒரு நிமிஷம் அவள் என் பக்கம் வந்துவிட்டாள் என்றே நம்பினேன்.

"தேய்மானத்தை வுடும்மா" என்றான் தனகோட்டி. "ஐயா தன்னுதுன்னு சொல்றாரு. வாசிச்சுக் காட்டட்டுமே. பழகின கைன்னா தெரிஞ்சுடாது? அவருதுன்னா எடுத்துக்கினு போவட்டும், உன் பணத்துக்கு நான் ஜவாப்தாரி."

நியாயமாகத்தானே பட்டது? நான் வயலினைக் கையில் எடுத்தேன். சுருதி சேர்த்தேன். தலை கணுக்காலில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஏழு மாதம் தகரத்தைச் சுரண்டிய கை. சஹானா ராகத்தில் நாலு பிடி போதும் என்று ஆரம்பித்தேன். வில் நிற்கவில்லை. எங்கே தொட்டால் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும், அதற்கும் என்னைத் தெரியும். எத்தனை நேரம் வாசித்தேனோ. முடித்தபோது என் கண் நனைந்திருந்தது. என் கைதான் சாட்சி, இனி யார் என்ன பேச முடியும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

விசாலாட்சி அழுதுகொண்டிருந்தாள். "இது சாதா வயலினா ஐயா? இந்த நாதம் எங்கயாச்சும் வருமா? இத்தாலிதான். இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது" என்றாள்.

ஏழுமலை வயலினை என் மடியிலிருந்து பதமாக எடுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. மெட்ராஸ்காரங்க வருவாங்க, கொறை சொல்லுவாங்க, கடைசியில தன்னுதுன்னே சொல்லிப் பாப்பாங்கன்னு அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு. ஒரு வருசத்து மல்லாட்டைப் பணம் மொத்தமும் இதுல கீது. நீங்க வாசிச்சதைக் கேட்டப்புறம் ஊரையே எழுதி வெச்சாலும் இதைக் குடுக்க மாட்டேன்."

கத்தினேன். போலீஸ் என்றேன். சாயத் துண்டை உதறிக் காட்டினேன். ஏழுமலை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பேராசைக்காரனிடம் காட்டும் பொறுமை அது. எந்த ஸ்டேஷனில் எந்த ரசீதைக் காட்டுவேன்? அபஸ்வரமாக நாலு இழுப்பு இழுத்திருந்தால் மட்டமான வயலின் என்று தள்ளிவிட்டிருப்பார்கள், எனக்கு என் வயலின் கிடைத்திருக்கும். அந்தப் புத்தி அந்த நேரத்தில் எந்த வித்துவானுக்கு வரும்? தனகோட்டிக்கு அது தெரிந்திருந்தது. இரண்டு தலைமுறை வித்துவான்களோடு பழகியவன் அல்லவா.

புறப்படும்போது விசாலாட்சி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வேட்டி துண்டு வைத்து நீட்டி, காலில் விழுந்தாள். ரேடியோத் தேர்வில் ஜெயிக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் கேட்டாள். அவளும் ஏமாந்தவள், அவளைச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆசீர்வதித்தேன். தட்டை வாங்கவில்லை.

ஆறு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. மெட்ராசுக்கு நூற்று இருபது கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். தனகோட்டி பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றான்.

"கோச்சிக்காதீங்க வாத்தியாரே. அந்தப் பொட்டியில இருக்கிறதையும் என்கிட்ட குடுத்துடுங்க. சாயம் பூசி வெக்கிறேன். சிதம்பரத்துல ஒரு பார்ட்டி கீது. நீங்க வந்து ஒரு தபா வாசிச்சீங்கன்னா போதும், வர்றதுல பாதி உங்களுக்கு."

காறித் துப்பினேன். பஸ் நகர்ந்துவிட்டதால் தரையில்தான் விழுந்தது.

மெட்ராசில் யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். "தனகோட்டியா? தங்கமான மனுஷன் ஆச்சே" என்றார் ஒரு மூத்த வித்துவான். அவர் மடியில் பாண்டிச்சேரியில் கிடைத்த ஓர் இத்தாலி வயலின் இருந்தது. விசாலாட்சி தேர்வில் ஜெயித்துவிட்டாள். ஒரு நாள் காலை ரேடியோவில் கேட்டேன். பெயர் சொல்வதற்கு முன்பே, முதல் இழுப்பிலேயே, வாசிப்பது யாருடைய வயலின் என்று தெரிந்தது.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. மனைவி விளக்கேற்றிவிட்டு வயலினைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. பூஜை நடக்கும்போதே கூடத்தில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அந்தத் தகர டப்பாவை வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் காலிப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டாள்.